ஐந்தாம் மண்டலத்து டிவிடி

சித்தப்பா கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் நான்கைந்து தமிழ்ப்பட டிவிடிகள் இருக்கும். டொரோண்டோவில், ஸ்கார்பரோ பக்கம், மளிகைக் கடையிலேயே அவை கிடைக்கும் என்பார். கருவாடும் மிளகாய்த்தூளும் வாங்க வருகிறவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் படங்களிலும் ஒன்றை எடுத்துக்கொள்வார்களாம். எல்லாம் சென்னையில் எடுத்து, சென்னையில் ஒலி சேர்த்து, நாங்கள் திரையரங்கில் பார்த்துச் சில மாதங்களே ஆன படங்கள். தெளிவான பிரதி, ஆங்கில வசன வரிகள், வழவழப்பான அட்டை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தியாவில் விற்பனைக்கு அல்ல.

அந்த வரியைப் படித்த முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊரில், நம் மொழியில் எடுத்த படத்தின் நல்ல பிரதி நமக்கு மட்டும் கிடையாதா? அந்தக் கோபத்தில்தான் காரணம் தேட ஆரம்பித்தேன். ஒரே படத்தின் டிவிடி நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்ற கேள்வி, மின்சாரத்திலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை என்னைக் கொண்டுபோய்விட்டது.

முதலில் வியாபாரத்தைப் பார்ப்போம். திரைப்படத் தொழிலில் கைமாறுவது படம் அல்ல, உரிமை. இந்த இடத்தில், இந்த வழியில், இத்தனை ஆண்டுகளுக்குக் காட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி. தமிழ்நாட்டுக்குள்ளேயே சென்னை நகரம், செங்கல்பட்டு, ஆற்காடுகள், சேலம், கோவை, மதுரை–ராமநாதபுரம் சேர்ந்த எம்.ஆர்., திருச்சி–தஞ்சாவூர் சேர்ந்த டி.டி., திருநெல்வேலி–கன்னியாகுமரி சேர்ந்த டி.கே. என்று ஏரியா பிரித்து விற்பது நெடுநாள் வழக்கம். டி.டி. ஏரியாவை வாங்கியவர் சேலத்தில் ஒரு காட்சிகூட ஓட்ட முடியாது. கடல் கடந்த நாடுகளும் இந்தக் கணக்கில் இன்னோர் ஏரியா. வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து எஃப்.எம்.எஸ். உரிமை என்பார்கள். அதை வாங்கியவருக்குத் திரையரங்கு உரிமையோடு வீடியோ உரிமையும் சேர்ந்தே போனது. லண்டனிலிருந்து இயங்கிய ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் இப்படித்தான் தமிழ்ப்பட டிவிடிகளை உலகெங்கும் விற்றன. திரையரங்கே இல்லாத ஊர்களில் சிதறிக் கிடந்த புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அதுதான் சினிமா.

தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. இங்கே ஒரு படத்தின் பெரிய வருமானம் திரையரங்கும், தொலைக்காட்சியில் காட்டுவதற்கான சாட்டிலைட் உரிமையும்தான். டிவிடி சீக்கிரம் வந்தால் கூட்டம் குறையும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் அஞ்சினார்கள். பண்டிகை நாளில் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் என்று விளம்பரம் செய்யப்போகும் சேனலும், அதற்கு முன்பு படம் வீடுகளுக்குள் போவதை விரும்பவில்லை. நடுவில் வீடியோ உரிமையை வாங்க வந்தவர் கொடுக்கக்கூடிய தொகை இவை இரண்டோடும் போட்டியிட முடியாத அளவுக்குச் சிறியது. ஆகவே அதிகாரபூர்வமான டிவிடி தாமதமாக வந்தது, அல்லது வரவே இல்லை.

விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். டொரோண்டோவுக்கோ லண்டனுக்கோ போன டிவிடி ஒரே வாரத்தில் நகலாகிச் சென்னைப் பர்மா பஜாருக்குத் திரும்பி வந்தது. திரையரங்கில் கேமரா வைத்துத் திருடிய பிரதிக்கு ஒரு விலை, ‘ஒரிஜினல் பிரிண்ட்’ என்றால் வேறு விலை. அந்த ஒரிஜினல் என்பது இந்தியாவில் விற்கக்கூடாத அதே டிவிடியின் நகல். 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்போர் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டார்கள். சட்டம் கடுமையானது, ஆனால் நியாயமான விலைக்கு நல்ல பிரதி வாங்க நினைத்தவருக்குக் கடையில் ஒன்றும் இல்லை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க முன்வந்தபோது மக்கள் வாங்கத் தயாராகத்தான் இருந்தார்கள். 2015இல் இயக்குநர் சேரன் தன் படத்தை சி2ஹெச் என்ற திட்டத்தின் மூலம் நேரடியாக டிவிடியாக வீடுகளுக்குக் கொண்டுவந்தார். இரண்டுமே காலம் கடந்த முயற்சிகள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதற்குள் டிவிடியின் காலமே முடியும் தறுவாயில் இருந்தது.

இனி மின்சாரம். ஒரே ஹாலிவுட் படத்தின் இரண்டு டிவிடிகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்று டொரோண்டோவில் வாங்கியது, மற்றது லண்டனில் வாங்கியது. கனடா டிவிடியில் படம் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. லண்டன் டிவிடியில் 2 மணி 24 நிமிடம். தணிக்கையில் ஆறு நிமிடம் போய்விட்டது என்று நம்பி, இரண்டையும் காட்சி காட்சியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு காட்சி, ஒரு வசனம்கூடக் குறையவில்லை. ஆனால் முகப்பு இசையை அடுத்தடுத்துக் கேட்டபோது சுருதி இடித்தது. லண்டன் டிவிடியில் வயலின் சற்று மேலே ஏறி ஒலித்தது. நாயகனின் குரலும் கொஞ்சம் மெலிந்திருந்தது.

காரணம் இதுதான். சினிமா நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள், ஓடும். தொலைக்காட்சி பிறந்த காலத்தில் அதன் ஓட்டத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பொருத்தினார்கள். இல்லையென்றால் திரையில் கோடுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதனால் அங்கே நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள், என்.டி.எஸ்.சி. முறை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ். ஆகவே 25 சட்டங்கள், பால் (PAL) முறை. 24ஐ 25 ஆக்குவதற்கு எளிய வழி, படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவது. நான்கு சதவீத வேகம். இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடம் கரைந்துவிடும். சரிசெய்யாமல் விட்டால் ஒலியின் சுருதியும் அரைக் கட்டையில் முக்கால் பங்கு அளவுக்கு உயர்ந்துவிடும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

அமெரிக்க முறையில் வேகம் மாறாது. ஒரு சட்டத்தை இரண்டு துடிப்புக்கும் அடுத்ததை மூன்று துடிப்புக்கும் மாற்றி மாற்றி நிறுத்திக் காட்டி 24ஐ 30க்குள் பொருத்துவார்கள். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அதனால் ஒரு சிறு திக்கல் தெரியும். தெளிவிலும் அது ஒரு படி குறைவு: அமெரிக்க டிவிடியில் 480 கோடுகள், ஐரோப்பிய டிவிடியில் 576. இங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பல பத்தாண்டுகளுக்கு முன்பு மின்நிலையங்களுக்காக எடுத்த முடிவு, டிவிடி வரை நிழலாகத் தொடர்ந்தது. டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே தகடுகள் 24 சட்டங்களை அப்படியே பதிந்துகொள்ளும் வசதியோடு வந்த பிறகுதான் இது பெருமளவு தீர்ந்தது.

பால் நாடுகளின் கருவிகள் பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. தகட்டையும் ஓட்டும், அமெரிக்கக் கருவிகள் பால் தகட்டை ஏற்பது அரிது. வெளிநாட்டுத் தமிழ் டிவிடிகள் பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. முறையில் வந்ததற்கு இதுவே காரணம். ஒரே அச்சு ஓஸ்லோவுக்கும் போகும், டொரோண்டோவுக்கும் போகும்.

மின்சாரத்தை மன்னிக்கலாம். மண்டலக் குறியை என்னால் மன்னிக்க முடியவில்லை. டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரு படச்சுருள் பிரதி எடுக்கவே ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகும். அமெரிக்காவில் ஓடி முடித்த பிரதிகளையே பிறகு மற்ற நாடுகளுக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. அதனால் நியூயார்க்கில் கோடையில் வந்த படம் லண்டனுக்கோ சிட்னிக்கோ போகப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் அமெரிக்காவில் டிவிடி வந்து, யாராவது அதை அஞ்சலில் வரவழைத்துவிட்டால்? இந்த அச்சத்தில் ஸ்டுடியோக்கள் உலகத்தைக் கூறுபோட்டன. அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஜப்பான், மேற்கு ஆசியா, தென்னாப்பிரிக்கா 2. தென்கிழக்கு ஆசியா, தென் கொரியா, ஹாங்காங், தைவான் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் தனியாக 8. தகட்டில் ஓர் எண், கருவியில் ஓர் எண். இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும். சென்னையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய தம்பியும் வெவ்வேறு மண்டலத்தவர்கள். முறைப்படி, ஒருவருக்கொருவர் ஒரு ஹாலிவுட் டிவிடியைப் பரிசாகக் கொடுத்துக்கொள்ள முடியாது.

பரிசு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2009 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடிகளைப் பரிசளித்தார். அவை முதலாம் மண்டலத்துக்கானவை, பிரிட்டனில் ஓடவில்லை என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின.

கணினியில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கறாரானது. டிவிடி டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தோடு அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். சித்தப்பா கொண்டுவந்த ஒரு முதல் மண்டல டிவிடிக்காக என் பழைய கணினியில் எண்ணை மாற்றும்போது, ‘இன்னும் 4 மாற்றங்கள் மீதம்’ என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய கருவி, முறையாக விலைக்கு வாங்கிய படம். எதைப் பார்க்கலாம், மண்டலத்தை எத்தனை முறை மாற்றலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் போட்டிச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் இது நுகர்வோருக்கு எதிரானதோ என்று விசாரணையே நடத்தியது. அங்கே எல்லா மண்டலத் தகடுகளையும் ஓட்டும் கருவிகள் கடைகளில் வெளிப்படையாக விற்றன. நம் ஊரில் கடைக்காரரே ரிமோட்டில் சில எண்களை அழுத்திப் பூட்டைத் திறந்து கொடுத்துவிடுவார்.

ஐந்தாம் மண்டலத்துக்கென்றே ஒரு கதை உண்டு. ரஷ்யாவில் திருட்டு டிவிடி எங்கும் பரவியிருந்ததால், 2000களின் நடுவில் ஸ்டுடியோக்கள் அங்கே மட்டும் படத்தை முன்கூட்டியே வெளியிட்டன. படச்சுருளிலிருந்து அவசரமாக எடுத்து, தூசியும் கீறலும் நீக்காமல், ரஷ்ய ஒலியோடு விற்ற மலிவான டிவிடிகள் அவை. திருட்டுக் கும்பல்கள் அந்தப் படத்தோடு திரையரங்கில் பதிந்த ஆங்கில ஒலியை ஒட்டி இணையத்தில் விட்டன. ரீஜன் 5, அதாவது ஐந்தாம் மண்டலம், என்பதன் சுருக்கமான ‘ஆர்5’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது அப்படித்தான். திருட்டைத் தடுக்கப் போட்ட மண்டல எண்ணே திருட்டுப் பிரதியின் தரமுத்திரை ஆனது.

சட்டத்தின் கதைக்குப் பிரிட்டனை மிஞ்சிய நாடு இல்லை. வீட்டுக்குள் வரும் வீடியோ திரையரங்கைவிட ஆபத்தானது என்ற பயம் 1980களின் தொடக்கத்தில் அங்கே பெரிதாகக் கிளம்பியது. திரையரங்கில் வயதைக் கேட்டு உள்ளே விடலாம். வீட்டில் குழந்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்குமே என்பது வாதம். 1984இல் வீடியோ பதிவுச் சட்டம் வந்தது. அதன்பின் ஒவ்வொரு திரைப்பட வீடியோவும் பிரிட்டிஷ் திரைப்படத் தரப்படுத்தல் வாரியத்திடம் போயாக வேண்டும். 1973இல் வந்து திரையரங்குகளில் ஓடிய ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் வீடியோ பிரிட்டனில் ஆண்டுக்கணக்கில் கிடைக்காமல் இருந்து, 1999இல்தான் மீண்டும் சட்டப்படி விற்பனைக்கு வந்தது.

வாரியத்தை நீண்ட காலம் நடத்திய ஜேம்ஸ் ஃபெர்மனுக்கு நஞ்சாக்கு என்ற ஆயுதத்தின்மீது தீராத கவலை. சங்கிலியால் இணைத்த இரண்டு கட்டைகள், புரூஸ் லீ சுழற்றுவாரே, அதுதான். பிள்ளைகள் வீட்டிலேயே செய்து சுழற்றிவிடுவார்கள் என்று அந்தக் காட்சிகளை வெட்டச் சொன்னார். நிஞ்சா ஆமைகளின் இரண்டாவது படம் 1991இல் வந்தபோது, ஓர் ஆமை இறைச்சிக் கடையில் தொங்கும் சாசேஜ் மாலையை எடுத்து நஞ்சாக்கு போலச் சுழற்றும். அந்தச் சாசேஜ் மாலையும் பிரிட்டனில் வெட்டப்பட்டது. அமெரிக்கக் குழந்தை பார்த்துச் சிரித்த அந்தக் காட்சியைப் பிரிட்டிஷ் குழந்தை பார்க்கவில்லை. ஃபெர்மன் 1999இல் பதவியிலிருந்து விலகிய பிறகே இந்தத் தடை தளர்ந்தது.

இதைக்காட்டிலும் பழைய சட்டம் ஒன்று இன்றும் வேலை செய்கிறது. 1937ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, படப்பிடிப்புக்காக விலங்கை உண்மையாகவே வதைத்து எடுத்த காட்சியைப் பிரிட்டனில் காட்டக்கூடாது. ஓடும் குதிரையின் காலில் கம்பி கட்டி இடறி விழச்செய்து எடுத்த போர்க்காட்சிகள் இதில் அகப்படும். பல நாட்டுப் படங்கள் பிரிட்டிஷ் டிவிடியில் சில நொடிகள் குறைவதற்கு இந்தக் குதிரைகளே காரணம். எந்த வெட்டையும் எதிர்க்கும் சினிமா ரசிகர்கள் இதையும் எதிர்க்கிறார்கள். நான் இந்தச் சட்டத்தின் பக்கம். கழுத்து முறிந்து விழுந்த குதிரைக்கு அது நடிப்பு அல்ல.

1984 சட்டத்தில் ஒரு குறை 25 ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. அந்தச் சட்டத்தை அன்றைக்கே ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு அதைச் செய்யவில்லை. 2009இல் இது தெரியவந்ததும் சட்டத்தைச் செயல்படுத்தவே முடியாத நிலை ஏற்பட, 2010இல் அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றினார்கள்.

தணிக்கை இன்னொரு வகையிலும் டிவிடியை மாற்றும். பிரிட்டிஷ் வாரியம் ஓடும் நிமிடத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறது. படத்துடன் வரும் பேட்டிகளுக்கும் தயாரிப்புக் குறும்படங்களுக்கும் அந்தக் கணக்கு உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் பிரதிகளே விற்கும் சிறு நிறுவனம் என்ன செய்யும்? அவற்றில் சிலவற்றை விட்டுவிடும். ஜெர்மனியில் இளைஞர் பாதுகாப்புச் சட்டத்தால் வெட்டப்பட்ட படங்களை, ஜெர்மானிய ரசிகர்கள் பக்கத்து ஆஸ்திரியாவிலிருந்து வெட்டில்லாமல் வரவழைத்துக்கொள்கிறார்கள். மொழி ஒன்றே, எல்லை தாண்டினால் சட்டம் வேறு. அமெரிக்கா சுதந்திர நாடு என்ற பேச்சையும் இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான ‘ஐஸ் வைட் ஷட்’டின் அமெரிக்கப் பிரதியில் ஒரு நீண்ட பாலுறவுக் காட்சியை மறைக்கக் கணினியில் வரைந்த உருவங்களை நிறுத்தினார்கள்; ஐரோப்பியர்கள் 1999லேயே முழுமையாகப் பார்த்ததை அமெரிக்கர்கள் 2007இல் வந்த டிவிடியில்தான் பார்த்தார்கள். பிரான்சில் திரையரங்கில் வெளியான நான்கு மாதங்களுக்குப் பிறகே டிவிடி என்பது சட்டத்தின் பின்பலமுள்ள விதி. நம் ஊரில் அதைத் திரையரங்கு உரிமையாளர்களும் சேனல்களும் பேசித் தீர்மானித்தார்கள்.

இசை உரிமை தனிச் சிக்கல். வீடியோ என்ற ஒன்று வரும் என்றே நினைக்காத காலத்து ஒப்பந்தங்களில், பாடலைத் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கவிட மட்டுமே அனுமதி இருந்தது. ‘ஹெவி மெட்டல்’ என்ற 1981ஆம் ஆண்டு அனிமேஷன் படம், அதில் இருந்த ராக் பாடல்களின் உரிமை தீராமல், 1996வரை முறையான வீடியோவாக வெளிவரவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் 4கே என்ற உயர்தெளிவுத் தகடுகளுக்கு மண்டலக் குறியே கிடையாதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இணையவழித் தளங்களில் ஏரியா வியாபாரம் அப்படியே இருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் படம் கொழும்பில் இருக்காது. அங்கே இருக்கும் பதிப்பு இங்கே இருக்காது. ஒப்பந்தம் முடிந்த நாளில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தும் போகும். டிவிடியை மண்டலம் தாண்டியாவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

எனக்குப் பெரிய கவலை இனிமேல்தான். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றின் நெகட்டிவ், அதாவது மூலச் சுருள், இன்று இல்லை. முதல் தமிழ் பேசும் படமான, 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கே பிரதி கிடையாது. அண்மைக்காலப் படங்களிலும் ஆய்வகங்கள் மூடப்பட்டபோது சுருள்கள் எங்கே போயின என்று தயாரிப்பாளருக்கே தெரியாத நிலை உண்டு. அப்படிப்பட்ட ஒரு படத்தைத் தேடிப் போகிறவருக்குக் கடைசியில் கையில் கிடைப்பது, வெளிநாட்டுத் தமிழருக்காக அச்சிட்ட ஒரு டிவிடி. அதிலும் படத்தின் மூலையில் நிறுவனத்தின் முத்திரை அழியாமல் நிற்கும். ஒரே தகட்டில் மூன்று படங்களை அடைத்திருந்தால், கூட்டக் காட்சிகளில் முகங்கள் கட்டம் கட்டமாகக் கரைந்திருக்கும். இருந்தாலும் அதைப் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும், வேறு இல்லை.

முறையாகப் புதுப்பித்த படங்களும் நமக்கு எளிதில் எட்டுவதில்லை. சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ், 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் கருகியது. எரிந்த சுருள்களை இத்தாலியின் பொலோன்யாவில் கையால் பழுதுபார்த்து, 2015இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அருமையான ப்ளூ-ரேயாக வெளியிட்டது. ப்ளூ-ரேக்கு மண்டலங்கள் மூன்றே: அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கிழக்கு ஆசியா போன்றவை ‘ஏ’, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ‘பி’, இந்தியா, ரஷ்யா, சீனா ‘சி’. அந்தத் தொகுப்பு ‘ஏ’.

நடனக் கலைஞர் உதயசங்கரின் ‘கல்பனா’ இன்னும் நெருக்கமான கதை. 1948இல் வெளிவந்த அந்த நாட்டியப் படம் உருவானது சென்னையில், எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில். பத்மினி திரையில் முதன்முதலாகத் தோன்றியதும் அதில்தான். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய அமைப்பு அதைப் புதுப்பித்து 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. 2022இல் கிரைட்டீரியன் தொகுப்பு ஒன்றில் தகடாக வந்தது. ஸ்டுடியோ இருந்த இடத்துக்கு அருகே மேம்பாலம் இருக்கிறது. ஊர் அதை இன்னும் ஜெமினி பாலம் என்றே அழைக்கிறது. அந்தப் பாலத்தின் அடியில் உள்ள எந்தக் கடையில் ப்ளூ-ரே கருவி வாங்கினாலும் முறைப்படி அது ‘சி’ மண்டலக் கருவி. ‘கல்பனா’ இருக்கும் தகடு ‘ஏ’.